தூக்கிப் பார்க்காதவரின் தீர்ப்பு

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பேண்டில் பேஸ் கிட்டார்காரர் எந்த ஆம்ப் ஹெட்டை வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருக்கிறது. இரண்டு கிலோ எடையில் தோள்பைக்குள் அடங்கும் இன்றைய ஹெட்கள் எல்லாம் விளையாட்டுச் சாமான். ட்யூப் (வால்வு) போட்ட, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் ஹெட் இருந்தால்தான் பேஸுக்கு உயிர். எடைக்குப் பயப்படுகிறவன் கலைஞனே இல்லை. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மீதி இடத்தைப் பெருமூச்சுகள் நிரப்புகின்றன.

பேஸ் வாசிப்பவர்களை யாரும் கண்டுகொள்வதே அபூர்வம் என்பதால் சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். கல்யாண ரிசப்ஷன் வீடியோவில்கூட எங்கள் முகம் ஒரு நொடி வந்து போகும், அதுவும் டிரம்மரை எடுக்கும்போது தவறி விழுந்ததாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையை நம்பி, டியூஷன் எடுத்தும் கடன் வாங்கியும் சேர்த்த பணத்தில் 36 கிலோ இரும்பை வீட்டுக்குக் கொண்டுவரப் போகும் இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணம் அவர்கள் கையில் இருக்கும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் மட்டும் உள்ள பெட்டியை ஹெட் என்போம். ஸ்பீக்கர் உள்ள பெட்டி கேபினட். கனமான ஹெட்டிலிருந்து கனமான சத்தம் வரும், லேசான ஹெட்டிலிருந்து லேசான சத்தம்தான் வரும் என்பது கட்டுரையாளரின் முதல் வாதம். இது பிரியாணியின் ருசியை அண்டாவை எடை போட்டுச் சொல்வது. பழைய ஹெட்டின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவர் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பெரும்பகுதி டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அவ்வளவு மெதுவான அலையை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வாட்டைக் கடத்த வேண்டுமானால் பெரிய இரும்புக் கருவும் கிலோக்கணக்கில் செம்புக் கம்பியும் வேண்டும். இன்றைய லேசான ஹெட்களில் இருக்கும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை அதே மின்சாரத்தை முதலில் டிசி ஆக்கிவிட்டு, பிறகு நொடிக்குப் பல பத்தாயிரம் முறை, சிலவற்றில் லட்சம் முறைக்கு மேல் வெட்டுகிறது. வேகம் கூடக்கூட டிரான்ஸ்பார்மர் சுருங்கும். செல்போன் சார்ஜர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியதும் இந்த வழியில்தான். அதில் சார்ஜ் ஏறும் போன் குறைந்த உயிரோடு இருப்பதாக யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை.

எடை குறைந்ததற்கு இரண்டாவது காரணம் கிளாஸ் டி என்ற ஆம்ப் வகை. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப், முழு மூச்சில் ஓடும்போதுகூட இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூடாக்கி வீணடிக்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் பட்டை பட்டையாக அலுமினியம். கிளாஸ் டி ஆம்ப் 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஆக, நாம் இழந்தது இரும்பும் செம்பும் அலுமினியமும். இவற்றில் எது தன் ஆள்காட்டி விரலுக்குச் சுருதி சேர்த்தது என்று கட்டுரையாளர் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

கிளாஸ் டி என்றால் டிஜிட்டல், அதனால் உயிரற்றது என்று ஒரு வரி வேறு போகிற போக்கில் வருகிறது. டிஜிட்டல் இல்லை. உள்ளே வரும் சிக்னலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் துடிப்பின் அகலம் கூடிக் குறைகிறது; நொடிக்குச் சில லட்சம் துடிப்புகள்; கடைசியில் ஒரு சுருளும் கெப்பாசிட்டரும் அந்த வெட்டு வேகத்தை வடிகட்டிவிட்டு இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகின்றன. எண்ணாக மாற்றும் வேலை இதில் எங்கும் கட்டாயமில்லை. இதற்கு மேல் இந்த வரிக்கு மரியாதை தேவையில்லை.

அவர் சாமி கும்பிடும் ஹெட்டுக்கு வருவோம். ஆம்பெக் எஸ்விடி. எனக்கும் அதன் மேல் மதிப்பு உண்டு. 1969-ல் வந்தது, 300 வாட், 14 ட்யூப். அந்த நாளில் அது அசுரன். அதற்குத் துணையாக எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர் வைத்த கேபினட். பேஸ்காரர்கள் அதை ஃபிரிட்ஜ் என்றே சொல்வார்கள். பிற்காலத்து எஸ்விடி-சிஎல் ஹெட் 36 கிலோ, ஃபிரிட்ஜ் 63 கிலோ. ஆனால் இவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்காது.

1965-ல் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் சுமார் 55,000 பேருக்கு முன்னால் வாசித்தார்கள். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கென்று வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப்களைச் செய்து கொடுத்தது. பாட்டு, பேஸ்பால் அறிவிப்புக்காக மைதானத்தில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள் வழியாகப் போனது. கூட்டத்தின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அந்தக் காலத்து பி.ஏ., அதாவது கூட்டத்துக்கான ஸ்பீக்கர் அமைப்பு, முக்கியமாகக் குரலுக்குத்தான். பேஸ் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அது மேடையில் நிற்கும் ஆம்பிலிருந்தே புறப்பட வேண்டும். எஸ்விடி அந்தப் பிரச்சினைக்குச் செய்த மருந்து. 1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஒத்திகை பார்த்தபோது அவர்களுடைய ஆம்ப்கள் புகைந்து போக, ஆம்பெக் தன் எஸ்விடி முன்மாதிரிகளைக் கொடுத்தது. கூடவே அவற்றைக் கவனித்துக்கொள்ளக் கம்பெனியிலிருந்து ஒரு ஆளும் ஊர் ஊராகப் போனார். எஸ்விடியின் புகழ் பிறந்த பயணத்திலேயே அதற்கு ஒரு மெக்கானிக் துணைக்குத் தேவைப்பட்டார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. கட்டுரையில் ஸ்டோன்ஸ் வருகிறார்கள், மெக்கானிக் வரவில்லை.

எஸ்விடி மருந்தாக வந்த அந்த நோய் குணமாகி வெகுகாலம் ஆகிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் வி-டாஸ்க் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு, மேடைக்கு இருபுறமும் வாழைத்தார் மாதிரித் தொங்கும் லைன் அரே ஸ்பீக்கர்கள் உலகமெங்கும் பரவின. இன்று மாவட்டத் தலைநகர் ஒன்றின் பொருட்காட்சித் திடலுக்குக்கூட அவை வந்துவிடுகின்றன. கூட்டம் கேட்பது அவற்றைத்தான். பேஸ் கிட்டாரின் சிக்னல் டிஐ எனும் இணைப்பு வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறது. நம் பின்னால் நிற்கும் ஆம்ப் நமக்கும் டிரம்மருக்கும் மட்டும் கேட்பதற்கானது.

இப்போது அவர் வாதத்தின் தலையில் அவரே போட்டுக்கொண்ட கல்லைப் பாருங்கள். அந்தத் தொங்கும் ஸ்பீக்கர்களை ஓட்டும் பவர் ஆம்ப்களில் இன்று பெரும்பாலானவை கிளாஸ் டி, அல்லது அதன் உறவுக்காரர்கள். ஃப்ளாரன்ஸ் அருகே இருக்கும் பவர்சாஃப்ட் செய்பவை கிளாஸ் டி. சின்ன மண்டபங்களில் ஸ்டாண்டின் மேல் நிற்கும் க்யூ.எஸ்.சி. கே12 ஸ்பீக்கருக்குள் இருப்பது கிளாஸ் டி. பாடகர் காலடியில் இருக்கும் மானிட்டரும் பெரும்பாலும் அதே. அவர் தன் 36 கிலோ தெய்வத்தை மேடையில் ஏற்றி, எல்லா ட்யூபையும் சூடேற்றி வாசித்தாலும், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் காதுக்கு அது கிளாஸ் டி வழியாகத்தான் போய்ச் சேரும். கிளாஸ் டி உயிரை உறிஞ்சிவிடும் என்பது உண்மையானால் கடந்த பல ஆண்டுகளில் அவர் ரசித்த கச்சேரிகள் எல்லாமே பிணங்களாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றைப் புகழ்ந்தும் அதே கட்டுரையில் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்.

ரஷ் பேண்டின் கெடி லீ, தான் வாசிக்கும் பேஸ் நேராக மிக்ஸருக்குப் போகத் தொடங்கியதும், மேடையில் ஆம்ப் இருந்த இடம் காலியாகத் தெரிகிறதே என்று 2002 சுற்றுப்பயணத்தில் அங்கே துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக வைத்தார். பிறகு ஒரு பயணத்தில் கோழி சுடும் இயந்திரம். நிகழ்ச்சி நடுவே சமையல்காரர் உடையில் ஒருவர் வந்து கோழியைப் பார்த்துவிட்டுப் போவார். ரஷ் ரசிகர்கள் யாரும் பேஸ் மெலிந்துவிட்டது என்று எழுந்து போகவில்லை. இன்னும் பின்னால் போனால் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனி. அதன் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததை ஆம்புக்கு மைக் வைக்காமல் நேராகவே மிக்ஸிங் மேசைக்குள் எடுத்துப் பதிவு செய்தார்கள். கிளப்பில் வாசிக்க அவர் வைத்திருந்தது ஆம்பெக் பி-15, 25 வாட். உலகமே தலை வணங்கும் பேஸ் சத்தத்தின் பின்னால் இருந்த இரும்பு அவ்வளவுதான்.

வயிற்றில் இடிக்கும் அந்தக் கனம்? அது வேண்டாமா? இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டுரையாளர் அந்தப் பாதியைத் தொடாமல் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார். பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி, திறந்த ஈ, 41 ஹெர்ட்ஸ். ஆம்பெக்கே தன் ஃபிரிட்ஜ் கேபினட்டுக்குக் கொடுத்திருக்கும் கணக்குப்படி 58 ஹெர்ட்ஸிலேயே அது 3 டெசிபல் இறங்கிவிடுகிறது. அதாவது நாம் மண்டியிட்டு வணங்கும் அந்தக் கனம் பெருமளவும் 41-ல் இல்லை, அதன் இரட்டையான 82-லும் அதற்குச் சற்று மேலும் கீழும் இருக்கிறது. அடிச்சுருதி பலவீனமாக இருந்தாலும் மேல் ஒலிகளை வைத்து மூளை அதை நிரப்பிக்கொள்ளும். இளையராஜாவின் பேஸ் வரிகளை ஒரு தலைமுறையே மனப்பாடமாக வைத்திருக்கிறது. டீக்கடை ரேடியோவும் டவுன் பஸ் ஸ்பீக்கரும்தான் அவர்களுக்கு அதைக் கொடுத்தன. அந்த ஸ்பீக்கர்களால் 41 ஹெர்ட்ஸை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

நியாயமான பாதி இது. ட்யூப் பவர் ஆம்பைத் திணறவிட்டால் அது மெல்ல மடங்கும். சத்தம் தடித்து, ஓரம் கரகரத்து வரும். அதன் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் ஸ்பீக்கரைத் தளர்வாகப் பிடிப்பதால் கீழ்ச்சுருதிகள் கொஞ்சம் ஊதி நிற்கும். இது கற்பனை இல்லை. ஆரம்ப கால லேசான ஹெட்கள் சில, கீழ் அலைவரிசையைத் தாமாகவே வெட்டின. சிலவற்றில், சத்தம் எல்லை மீறாமல் பிடிக்கும் லிமிட்டர் அவசரப்பட்டு அமுக்கியது. அவற்றை வாசித்து ஏமாந்தவர்கள் சொன்ன புகார்தான் இன்று வேதவாக்காகச் சுற்றுகிறது. அது அந்த மாடல்களின் குறை. அதை ஒரு தொழில்நுட்பத்தின் ஜாதகமாக எழுதுவது அறியாமை.

ட்யூபின் அந்த அழகு வேண்டுமென்றால் ஆம்பைத் திணறும் அளவுக்குத் திருப்பியாக வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் வசதியாக மறந்துவிட்டார். 300 வாட்டும் ஃபிரிட்ஜும் திணறும் சத்தத்தில், ஆறடி தள்ளி நிற்கும் பாடகியின் மைக்குக்குள் அவர் குரலைவிட நம் பேஸ் அதிகமாகப் போகும். சவுண்டு எஞ்சினியர் முதல் பாட்டு முடிவதற்குள் ஓடி வருவார்: "அண்ணே, பேஸைக் கொஞ்சம் குறைங்கண்ணே." குறைத்ததும் திணறல் போச்சு, கரகரப்பு போச்சு. மிஞ்சுவது 36 கிலோ ப்ரீஆம்ப்.

வாட் கணக்கை அவர் தொடாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ட்யூபின் 300 வாட் எந்த லேசான ஹெட்டின் 800 வாட்டையும் நசுக்கிவிடும் என்கிறார். 300-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசமே ஏறத்தாழ 4 டெசிபல்தான். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் பட வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ட்யூப் மடங்கும்போது கேட்கச் சகிக்கும் என்பதால் அதைத் தன் கணக்குக்கு மேலேயே ஓட்டலாம். கிளாஸ் டி எல்லையைத் தொட்டதும் லிமிட்டர் பிடித்துவிடும். ஆகவே ட்யூபின் 300-க்கு இணையாக மற்றதில் 500, 600 வாட் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவ்வளவு வாட் இன்று இரண்டு கிலோவில் கிடைக்கிறது. அப்புறம் நசுக்குவது எங்கே? சத்தம் போதவில்லை என்றால் ஹெட்டை மாற்றாதீர்கள், அதே மாதிரி இன்னொரு கேபினட்டைச் சேருங்கள். காற்றைத் தள்ளுவது ஸ்பீக்கரின் பரப்பு.

எடைக்குப் பயப்படுகிறவன் கலைஞனே இல்லை என்ற வரி. இதற்காகத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன். கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்த ஹெட்டைத் தூக்கிய ஆள் ஒருவர்கூட இல்லை. அது தானாக வண்டியில் ஏறுகிறது, தானாக மாடிப்படி ஏறுகிறது, தானாக மேடையில் வந்து உட்கார்கிறது. கட்டுரையாளர் வந்து கம்பியைச் சொருகுகிறார். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி நடப்பதில்லை. சவுக்குக் கம்பு நட்டு, பலகை பரப்பி, பின்பக்கம் ஒரு ஏணி சாய்த்த திருவிழா மேடையில் ஹெட் ஏறுவது சவுண்ட் சர்வீஸ் பையன்களின் தோளில். பேஸ்காரரைவிடப் பல வயது இளையவர்கள். அன்று காலையிலிருந்து சப்-வூஃபர் இறக்கியவர்கள். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவு தாண்டியதும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியவர்கள். "தம்பி, ஒரு கை பிடிங்க" என்றால் மறுக்க மாட்டார்கள். அவர்கள் முதுகு தரும் சம்மதத்தைத் தன் கலை வீரமாக எழுதிக்கொள்கிறார் இவர்.

ஒருவர் இரு கையால், எல்லாம் சாதகமாக இருக்கும்போது தூக்கும் எடைக்கே 23 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ். குனிந்து, திரும்பி, படியேறி என்றால் அதுவும் குறையும். எஸ்விடிக்கு 36. ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு இலவசம் 40 கிலோ. ஹெட்டுக்கு மரப்பெட்டி போட்டால் அது மட்டுமே தாண்டிவிடும், கிட்டாரும் மாற்றுத் துணியும் அபராதக் கணக்கில் வரும். உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோ, கையில் 7 கிலோ. ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயணிகள் சாமானாக வாங்கவே மாட்டார்கள், கூடுதல் பணம் தருகிறேன் என்றாலும். ஆக, அவர் சிபாரிசு செய்யும் ஹெட் கொச்சிக்கோ கொழும்புக்கோ கார்கோவில் தனியாகப் போக வேண்டும். அக்விலார் டோன் ஹாமர் 500 எடை 1.8 கிலோ. கைப்பையில் போட்டு, அதன் மேல் இரண்டு சட்டையும் வைக்கலாம்.

லேசான ஹெட் பழுதானால் குப்பை, ட்யூப் ஹெட்டை எந்த ஊரிலும் சரி செய்யலாம் என்பது அவருடைய கடைசிக் கோட்டை. முதல் பாதியை ஏற்கிறேன். பொடிப் பொடியான பாகங்களை ஒட்டிய பலகை அது. எரிந்தால் பலகையோடு மாற்றுவார்கள், சென்னை ரிச்சி தெருவில் கெட்டிக்காரர் கிடைத்தால் தப்பலாம், பெரும்பாலும் தப்பாது. மறுபாதி? எஸ்விடி-சிஎல்லுக்குப் பவர் ட்யூப் மட்டும் ஆறு 6550, ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து எடுத்தவை. திருநெல்வேலியில் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று போனால் எந்தக் கடையில் வாங்குவார்? கிட்டார், பேஸ் ஆம்ப்களுக்கான ட்யூப்கள் இன்று பெருமளவில் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டபோது உலகம் முழுக்க ட்யூப் ஆம்ப்காரர்கள் அலறியடித்து வாங்கி வைத்தார்கள், விலை ஏறியது. எந்த ஊரிலும் சரி செய்யலாமாம். கேபினட் ஒயர் கழன்று கிடப்பதைக் கவனிக்காமல் ட்யூப் ஹெட்டை ஓட்டினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரே போய்விடலாம் என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். கிளாஸ் டி ஹெட்டுக்கு அந்தக் கவலை பொதுவாக இல்லை. கேபினட்டே இல்லாமல் டிஐ மட்டும் எடுத்தும் வாசிக்கலாம்.

ஜெனரேட்டரைப் பற்றி அவர் எழுதவே இல்லை. சீரியல் செட்டும் அலங்கார வளைவும் குடித்தது போக மிச்சம் மேடைக்கு வரும் ஊர்களில் அவர் வாசித்ததில்லை போலிருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் பழைய ஹெட்டில் ட்யூபின் சூடும் இறங்கும், அதன் உள் வோல்டேஜும் இறங்கும், சத்தம் சோர்ந்துவிடும். அகன்ற வீச்சில் வேலை செய்யும் ஸ்விட்ச் மோட் சப்ளை அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எல்லா ஹெட்டிலும் அப்படி இல்லை. சிலவற்றில் 115, 230 என்று பின்னால் ஸ்விட்ச் இருக்கும், சில ஒரே வோல்டேஜுக்கு மட்டும் செய்தவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஹெட்டை இங்கே சொருகுவதற்கு முன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

படித்துப் பார்க்க இன்னும் சில உண்டு. உங்கள் கேபினட் எத்தனை ஓம் என்பதே முதல் கேள்வி. டோன் ஹாமர் 500 தரும் 500 வாட், 4 ஓமுக்கு. ஒற்றை 8 ஓம் கேபினட்டில் அது 250 தான். டப்பாவின் மேல் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கி, பிறகு சத்தம் போதவில்லை என்று ட்யூப் பக்தராக மாறியவர்கள் பலர். இரண்டு 8 ஓம் கேபினட் சேர்ந்தால் 4 ஓம், பெரும்பாலான லேசான ஹெட்களுக்கு அதுதான் எல்லை. வாடகைக்கு வரும் கேபினட்கள் 4 ஓமாக இருந்து, இரண்டையும் மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். அடிக்கடி அப்படி மாட்ட வேண்டியிருந்தால் மெசா சப்வே டி-800 மாதிரி 2 ஓம் தாங்கும் ஹெட்டைப் பாருங்கள், 2.5 கிலோ. ஸ்பீக்கர் ஒயர் ஸ்பீக்கான் முனையாக இருக்கட்டும். பல கிளாஸ் டி ஹெட்களில் வெளிவரும் இரு முனையிலும் சிக்னல் உண்டு, எதுவும் எர்த் கிடையாது, அதை எர்த்தோடு தொட வைக்கும் எந்த இணைப்பும் வேண்டாம்.

டிஐ வெளியீட்டில் ஈக்யூவுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் ஸ்விட்ச், கிரவுண்டு லிஃப்ட் இரண்டும் இருக்க வேண்டும். முன் என்று வைத்துவிட்டால் மேடையில் நீங்கள் எதைத் திருகினாலும் வெளியே போகும் சத்தம் மாறாது, எஞ்சினியர் உங்களை ஆசீர்வதிப்பார். ஃபேனின் காற்றுவழியை மூடாமல் வைக்கவும் வெயில் நேராகப் படாமல் வைக்கவும் இடம் பாருங்கள். சித்திரை மாத மாலை நான்கு மணி சவுண்ட் செக்கில் சூடேறி அணைந்துபோகும் ஹெட்டை ஆதரித்து நானும் எழுத மாட்டேன். சத்தத்தின் குணம் அவரவர் ருசி. உருண்டையாகவும் லேசான கரகரப்போடும் வேண்டுமென்றால் அக்விலார். சுத்தமாகவும் சட்டென்றும் வேண்டுமென்றால் காலியன்-க்ரூகர். மெட்டல் வாசிப்பவர்கள் ஹெல்சிங்கியின் டார்க்கிளாஸ் பக்கம் போவார்கள். என்னைக் கேட்டால் சினிமாப் பாட்டு வாசிக்கும் பேண்டுக்கு முதலாவது போதும், ஒரே இரவில் மெலடியும் குத்தும் அதில் ஓடும். கடையில் கேட்கும்போது உங்கள் கிட்டாரையும், முடிந்தால் உங்கள் டிரம்மரையும் கூட்டிப் போங்கள். தனியாக உட்கார்ந்து வாசித்தால் எல்லா ஹெட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

நடுவழியில் இந்தக் குட்டி ஹெட் செத்துப்போனால் என்ன செய்வாய் என்று கட்டுரையாளர் முடிவில் ஒரு கேள்வி வைக்கிறார். எஸ்விடி செத்துப்போனால் அவர் என்ன செய்வாரோ தெரியாது. நான் டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் பெடல் ஒன்றைக் கிட்டார் பையின் முன் அறையில் வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது, நேராக மிக்ஸருக்குள் போகும், எஞ்சினியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெட்டி. அதுவும் நம்பிக்கை தரவில்லை என்றால் இன்னொரு இரண்டு கிலோ ஹெட்டை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு ஹெட்டையும் சேர்த்து, பவர் ஒயர்களையும் வைத்துத் தராசில் ஏற்றினாலும் ஐந்து கிலோவைத் தாண்டாது.